எர்த் இல்லாத வீடு

நான் எலக்ட்ரீஷியன். பெயர் பேச்சிராஜா. பொய் பேசிப் பிழைக்கிறவன் இல்லை என்று ஊருக்குள் எனக்கு நல்ல பெயர் உண்டு. அதை வைத்துத்தான் பிரேமாவை ஏமாற்றினேன்.

அவள் வீடு கடற்கரையோரம், திரேஸ்புரத்தில். புருஷன் சிலுவை சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். அவன் கப்பலேறிய பிறகுதான் பெண்பிள்ளை பிறந்தது. மூன்று மாதமாகப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். அந்தத் தெருவில் டவர் சரியாகக் கிடைக்காது என்பதால் பிரேமா வீட்டுக்கு இண்டர்நெட் இழுத்தாள். பக்கத்து வீடுகளில் இரண்டு மோடம் மின்னலில் போனதைப் பார்த்துப் பயந்து, மின்னல் பாய்ந்தால் மோடத்தைக் காக்கிற ஸ்பைக் பஸ்டர் மாட்ட என்னைக் கூப்பிட்டாள்.

மாட்டினேன். வெளியே போய் எர்த் வயரைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. மண்ணில் இறக்கியிருந்த எர்த் பைப்பையே உப்புக்காற்று அரித்துத் தின்றிருந்தது. எர்த் இல்லாவிட்டால் ஸ்பைக் பஸ்டர் மாட்டியும் பிரயோஜனம் இல்லை. புதுப் பைப் இறக்க அரை நாள் தோண்ட வேண்டும். எனக்கோ அன்று சாயங்காலம் குலசேகரன்பட்டினம் கோயிலில் காப்புக் கட்டு. தசராவுக்குக் காளி வேஷம் நேர்ந்து, விரதமிருந்து, கழுத்தில் மாலையோடு நின்றேன். எங்கள் குழுவின் வேன் முக்கில் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியா இருக்கா அண்ணாச்சி?" என்று பிரேமா கேட்டாள்.

"ஒண்ணும் பயப்படாத தங்கச்சி. இனி இடி இடிச்சாலும் பிளக்கப் பிடுங்காண்டாம்."

ஸ்பைக் பஸ்டரில் சிவப்பு லைட்டும் எரிந்தது. மாலை போட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் மாமியாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. திரும்பி வந்து தோண்டிக்கொள்ளலாம் என்று வேனில் ஏறிவிட்டேன். பத்து நாள் வீடு வீடாக ஆடித் தர்மம் எடுத்தேன். வேஷம் கலைத்து வந்த பிறகும், உடம்பு அலுப்பு, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளினேன்.

அடுத்த சனிக்கிழமை மழை இடியோடு வந்தது. தெருவே பிளக்கைப் பிடுங்கியது, பிரேமாவைத் தவிர.

மறுநாள் பிள்ளைக்கு ஞானஸ்நானம். மதியம் வரை சிலுவையின் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கும். வெள்ளை உடுப்பில் பிள்ளையை வீடியோவில் பார்க்கக் காத்திருந்தான். பிரேமா ஆள் அனுப்பியதும் ஓடினேன். மோடத்தைத் திறந்தால் கருகல் வாடை. இடிக்குப் பிறகு டவரும் படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு மோடத்துக்கு எங்கே போவது? நாலு இடம் அலைந்து வெறுங்கையோடு திரும்பும்போது கப்பல் புறப்பட்டிருந்தது. இனி மூன்று வாரம் நடுக்கடல்.

இத்தனை செலவழித்து மாட்டியும் மோடம் போய்விட்டதே என்று அழுதாள். பக்கத்தில் இடி விழுந்தால் எதுவும் தாங்காது என்று கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

புது மோடம் அந்த வாரமே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மூன்று வாரம் கழித்து, கூப்பிடாமலே, புது எர்த் போடக் கடப்பாரை, பைப், கரி, உப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். காசு வேண்டாம் என்று சொல்லித் தோண்ட ஆரம்பித்ததும் பிரேமா காப்பி போட்டு வந்தாள். சிலுவை சுகமா என்று கேட்டேன். முந்தின நாள்தான் கரை சேர்ந்து பேசினானாம். ஒரே ஏச்சாம்.

"ஒரு பிளக்கப் பிடுங்கத் துப்பில்லையான்னு கேட்டாவ. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன். உங்களச் சொன்னா உங்க பேருல்லா கெட்டுப்போவும்."

அதற்கு மேல் என்னால் தோண்ட முடியவில்லை.

"அன்னைக்கே எர்த்து இல்ல தங்கச்சி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சேவா சொன்னிய?"

தலையாட்டினேன். உள்ளே போனவள் போனோடு வந்தாள். சிலுவையைக் கூப்பிட்டிருந்தாள், மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அவியகிட்டயும் சொல்லுங்க."

சிலுவையிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், என் சோம்பேறித்தனம் உட்பட. அப்புறம் போனை அவளிடம் கொடுக்கச் சொன்னான். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டு அழுதது குழிக்குள் நின்ற எனக்குக் கேட்டது. என்னை இருவரும் ஒரு வார்த்தை ஏசவில்லை. பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குழியை மூடினேன். இப்போது சரியாக இருக்கிறது என்று சொன்னேன். சரி என்றாள்.

மறுநாள் நாசரேத்திலிருந்து தேவபிரசாதம் என்கிற வேறொரு எலக்ட்ரீஷியனை வரவழைத்து, நான் இறக்கிய எர்த்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாளாம். அவன் சரி என்ற பிறகுதான், பிடுங்கி வைத்திருந்த மோடத்தைத் திரும்பச் செருகினாளாம்.