ஒரே அலைவரிசை, இரண்டு ஊர்

அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். உள்ளூர் வானொலி நிலையங்கள் உரிமத்தில் சொன்னபடி நடக்கின்றனவா என்று வேனில் போய் அளந்து பார்ப்பது அவர் வேலை. யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்தால்கூட, இவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று யோசிக்கிற ஆள்.

அலைவரிசைகள் கொஞ்சம்தான், கேட்டு வருகிறவர்களோ நிறைய. அதனால் சற்றுத் தள்ளியிருந்த இரண்டு ஊர்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்திருந்தார்கள். இரண்டு நிலையமும் குறித்த பவருக்குள் ஒலிபரப்பினால் வம்பில்லை. பெரிய ஊர் நிலையம் வம்பு செய்தது. சின்ன ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் செய்தி கேட்க உட்கார்ந்தால், அடுத்த ஊர்ச் சோப்பு விளம்பரம் காதில் விழுந்தது. புகார்மேல் புகார். ஆனால் மோப்பம் போகும்போதெல்லாம் அந்த நிலையம் பரம சாதுவாக அளவோடு பாடிக்கொண்டிருக்கும். வேன் திரும்பியதும் மறுபடி ஆட்டம்.

"நீங்க வர்றது அவங்களுக்கு முன்னாடியே தெரியுது," என்றார் மேலதிகாரி. "யாரு சொல்றாங்கன்னு மேலிடத்துல கேக்குறாங்க. உங்க பேருதான் அடிபடுது. இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா விசாரணை உங்க மேலதான். வேலை தங்காது."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டே பழகியவருக்குத் தன்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வேலைக்கு வந்த ஆபத்தை வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆளுக்கொரு நேரம் சொல்லி வைத்தார். சோதனை காலையில் என்று ஓட்டுநரிடம். மதியம் என்று மேலதிகாரியிடம், அவரை மட்டும் விட்டுவிடுவானேன். சாயங்காலம் என்று மனைவியிடம். மனைவியிடம் சொன்னது சும்மா ஒரு கணக்குக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று காலையிலேயே நிலையத்துக்கு எட்டத்தில், ஒரு மரக்கிடங்கின் பின்னால் வேனை நிறுத்தச் சொல்லி மீட்டரோடு உட்கார்ந்தார். பவர் எண் உரிமத்தில் சொன்னதைத் தாண்டி எங்கோ நின்றது. பதிவு செய்துகொண்டு ஓட்டுநரை ஓரக்கண்ணால் பார்த்தார். பாவம், அந்த மனுஷர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மதியமும் எண் இறங்கவில்லை. மேலதிகாரியும் தப்பித்தார், அதில் மோப்பத்துக்கு லேசான வருத்தம்கூட.

"எவ்வளவு நேரம் சார் எண்ணையே பாக்குறது? சத்தத்தையும் கொஞ்சம் வைங்க," என்று ஓட்டுநரே கைநீட்டி வானொலியைத் திருகினார்.

ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். வாக்கியம் முடியுமுன்பே சிரித்துவிடும் குரல். பெயர் வேறு ஏதோ சொன்னாள். ஆனால் விசேஷ வீடுகளில் அவரைச் சீண்டிச் சீண்டி அழவைக்கும் அந்தக் குரல் அவருக்குத் தெரியாதா? மனைவியின் தங்கை. அவர் வானொலிப் பக்கம் குனிந்து கேட்கும்போதே மீட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. வெளியே வெயில் தாழ்ந்திருந்தது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி அங்க எப்பலேருந்து?"

அவள் கை நின்றது. "ஆறு மாசமா. நிலையத்தை மூடிட்டா அவ பொழப்பு போயிடும். அதான் நீங்க சோதனைக்கு வர்ற நேரத்தை மட்டும் அவகிட்ட சொல்லுவேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா? உங்களை வளைக்கத்தான் மச்சினியை வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் அவ இந்த வாசப்படி மிதிக்க முடியுமா?"

அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். அதனால் கோபம் இன்னும் ஏறியது. "என் வேலையே போகப்போகுது, தெரியுமா? நான்தான் காட்டிக்குடுக்குறேன்னு அங்க பேசுறாங்க! அதனாலதான் ஆளுக்கொரு நேரம் சொன்னேன். டிரைவருக்குக் காலையில, பெரியவருக்கு மதியம்..."



"எனக்குச் சாயங்காலம்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "வேலை போகும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே. அதைச் சொல்லத் தோணல. சோதனை வெக்கத்தான் தோணிச்சு."

அளவுகளைக் கொடுத்தால் அவர் வேலை நிற்கும். நிலையத்துக்கு யார் சொன்னது என்று மேலதிகாரி கட்டாயம் கேட்பார். பொய் சொல்ல மோப்பத்துக்கு வராது.

"நாளைக்கு நான் உண்மையைச் சொல்லியாகணும்," என்றார்.

"சொல்லுங்க. நான் பண்ணது தப்புதான்." அவள் அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "ஆனா உங்க டிரைவரோட ஒரே வரிசையில என்னையும் நிக்க வெச்சுப் பாத்தீங்களே, அதையும் சேத்துச் சொல்லுங்க."