பூச்சுக்கு அடியில் எஞ்சின்

கொட்டகையின் நடுவே நின்றது அந்த எஞ்சின். நீராவி வண்டிகளின் முதல் தலைமுறையில் பிறந்தது; சுரங்கத்தில் கரி இழுத்தது; சக்கரம் தேய்ந்தபின் சலவை ஆலைக்கு வெந்நீர் காய்ச்சியது; முதுமையில் அருங்காட்சியகத்துக்கு வந்து, ஆண்டுதோறும் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு அழகாக நின்றது. நின்றதே ஒழிய, அசையவில்லை!

"ஓடினால் வைத்துக்கொள்வோம், ஓடாதென்றால் உருக்காலைக்கு அனுப்புவோம்" என்று நிர்வாகக் குழு முடிவு கட்டிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்து மாட்டிய ஃபிட்டர் அம்மாளுக்கு அன்று காலை ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. கொதிகலன் ஆய்வாளர் வந்துவிட்டார். அவர் அவளுடைய அக்காள் கணவர்தான். ஆனால் உறவு வாசலோடு நின்றுவிடும், சுத்தியல் மட்டுமே உள்ளே வரும்.

"வாங்க அத்தான், டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமே."

"டீ குடுத்து மடக்கப் பாக்குறியா? கொழுந்தியான்னு நான் பாத்தா, வெடிக்கிறப்ப கொதிகலன் என்னைப் பாக்காது."

நலமான தகடு தட்டினால் கணீரென்னும். அரித்த தகடு செத்த ஒலி தரும். ஆய்வாளர் தட்டினார். தொப். நகர்ந்து தட்டினார். மீண்டும் தொப்.

"தகடு போச்சும்மா."

"இன்னும் நல்லாத் தட்டுங்க அத்தான்."

"இது என்ன கதவா, தட்டத் தட்டத் திறக்க?"

அவள் படிக்கட்டில் அமர்ந்துவிட்டாள். அவரோ கடமைக்காகக் குனிந்து, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த கொதிகலனின் வயிற்றுப் பகுதியில் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினார்.

கணீர்!

இருவரும் நிமிர்ந்தனர்.

"இங்க பெயிண்டே இல்லையே?"

"அந்த இடுக்குல கை நுழையாது அத்தான். அதான் விட்டுட்டேன்."

"மத்த எடமெல்லாம் சுரண்டாமலே அப்புனியா?"

"ரிவெட் ஆணித் தலையெல்லாம் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுது. பட்டி வெச்சு மூடினேன். மொழுமொழுன்னு லட்சணமா இருக்கட்டுமேன்னு..."

"குடும்ப வழக்கம் போல! உங்க அக்காவும் கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் அப்பிக்கிட்டு வந்தா."

அவள் சிரிக்கவில்லை, சுரண்டியை எடுத்துவிட்டாள். பச்சை உதிர்ந்தது, பட்டி பாளம் பாளமாய் விழுந்தது. அடியில் சலவை ஆலையின் வெள்ளை. அதனடியில் சுரங்கத்தின் கருப்பு. எல்லாவற்றுக்கும் அடியில், இரும்பு! ஒவ்வொரு காலமும் அதற்குச் சட்டை மாட்டியது. ஒரு காலமும் பழைய சட்டையைக் கழற்றவில்லை. போற்றிப் போற்றியே அதன் குரல்வளையை அடைத்துவிட்டார்கள்!

ஆய்வாளர் தட்டினார். கணீர். நகர்ந்தார். கணீர். முன்னிருந்து பின்வரை கொட்டகையே அதிர்ந்தது. பிற்பகலில் நீரழுத்தச் சோதனையும் வைத்தார். அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்ற இடத்தில் நின்றது. எஞ்சின் ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

காலையில் ஆறிப்போன டீயை அவள் ஒரே மடக்கில் குடித்தாள். உடம்பில் உயிர் வந்தது போலிருந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த புதிய பச்சை வண்ண டின் அவள் கண்ணில் பட்டது.

அத்தான் முந்திக்கொண்டார். நடந்து போய் அதன்மேல் உட்கார்ந்தார்.

"நீ வீட்டுக்குப் போறவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."