கையெழுத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையார் சுழி

புக்கெகோஹி ஊர்க் கிடங்கில் வெங்காயம் தரம்பிரிக்கும் இயந்திரம் காலையிலிருந்து எழுந்திருக்க மறுத்தது. அதற்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் கண்மணி குழுத் தலைவி. தலைவி என்றால், நகரின் மறுகோடியில் அவள் குடியிருக்கும் மாசி என்ற புறநகரிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்து திட்டு வாங்க வேண்டியவள் என்று அர்த்தம்.

“என்னாம்மா இது? நேத்து நீங்க அனுப்புன அப்டேட் போட்டதுலேர்ந்து மெசின் செத்துப்போச்சு. லாரிக்காரன் வந்து நிக்கிறான்,” என்றார் கிடங்கு மேற்பார்வையாளர் வீரையா. மலேசியாக்காரர். கோபத்திலும் ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

கண்மணி லேப்டாப்பைத் திறந்தாள். புரோகிராமை ஓட்டும் முன் இயந்திரம் அதன் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். கையெழுத்திட்ட பின் ஃபைலில் ஓர் எழுத்து கூடினாலும் ஓட்டாது. வாடிக்கையாளர் பெயர், பதிப்பு எண் போன்றவற்றை ஃபைலுக்குள் தனித்தனி செக்‌ஷனாகச் செருக அவர்களிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். செக்‌ஷன்களை வரிசையாகப் பார்த்தாள். கடைசியில் யாரும் கேட்காத ஒன்று இருந்தது. பிரித்தாள். உள்ளே ஒரே எழுத்து: உ.

பிள்ளையார் சுழி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே.

ரவிசங்கரை அழைத்தாள். அவளைவிட வயதில் மூத்தவர், அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவர்.

“சார், அந்தக் கடைசி செக்‌ஷன் நீங்க போட்டதா?”

“ஆமா மேடம். ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. வேலை போனா விசாவும் போயிடும். நான் தனியா செஞ்ச முதல் ரிலீஸ், நல்லபடியா போகட்டும்னு…”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

“பிள்ளையார் சுழிய யாராவது கையெழுத்துக்கு அப்புறம் போடுவாங்களா சார்? முதல்லதானே போடணும்?”

“கடைசி நிமிஷத்துலதான் மேடம் ஞாபகம் வந்துச்சு.”

கண்மணிக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவள் மட்டும் என்ன யோக்கியம்? நேற்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அலுப்பில், பார்க்காமலே பொத்தானை அமுக்கியிருந்தாள்.

சுழி இல்லாத ஃபைலை ஏற்றினாள். இயந்திரம் உறுமியது. வெங்காயங்கள் உருளத் தொடங்கின. வீரையா லாரிக்காரனைத் தேடி ஓடினார்.

போனில் மேலாளரின் செய்தி வந்திருந்தது. யார் செய்த தவறு, பெயர் வேண்டும். அவரவர் தலை தப்பினால் போதும் என்கிற காலம். அவளுக்கும் மாசி வீட்டு மார்ட்கேஜ் இருக்கிறது. ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தாள். ‘சோதிக்காமல் ஒப்புதல் தந்தது நான்’ என்று எழுதி அனுப்பினாள். பெருந்தன்மை எல்லாம் இல்லை. அந்த மனிதரின் பெயரை எழுத விரல் வரவில்லை.

காரில் ஏறும்போது ரவிசங்கர் மறுபடி அழைத்தார். “மேடம், இனிமே அதைப் போடவே மாட்டேன்.”

“போடுங்க சார். கையெழுத்துக்கு முன்னாடி போடுங்க,” என்றாள் கண்மணி. “இப்ப எனக்கும் சேர்த்து வேண்டியிருக்கு.”