மரண அறிவித்தலில் ஒரு பேராசிரியர்

"குருநகர் வேண்டாம்," என்றார் ஜெபநேசன். "திருநெல்வேலியை வதிவிடமாகக் கொண்ட எண்டு தொடங்குவம். காணும்."

அவருடைய மாமியார் லூர்த்தம்மா, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த அவர்கள் வீட்டுக் கூடத்தில், பெட்டிக்குள் கிடந்தார். நாளைய பேப்பருக்கான மரண அறிவித்தலை மருமகன் சாப்பாட்டு மேசையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தார். அவர் பேராசிரியராகிச் சில கிழமைகள்தான். உயிரோடிருப்பவர்கள் அதை இன்னும் போதிய அளவு கொண்டாடியிருக்கவில்லை.

"அம்மா பிறந்தது குருநகரிலைதானே," என்றாள் அவர் மனைவி லவீனா. அவள் இன்னும் அழத் தொடங்கவில்லை.

"இல்லையெண்டு ஆர் சொன்னது? கம்பஸ் ஆக்கள் முழுக்கப் பேப்பர் பாப்பினம். 'ஓ, புரொபசர் அங்கையோ கட்டினவர்?' எண்டு கதைப்பினம். உமக்கு உது விளங்காது."

அவளுக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சாதி கேட்பதில்லை. ஊரைக் கேட்பார்கள்.

ஜெபநேசனைப் பேராசிரியராக்கிய நூல் குருநகர் மீனவப் பெண்களைப் பற்றியது. 'அம்மக்களோடு இரண்டறக் கலந்து' என்று முன்னுரையில் எழுதியிருந்தார். கலந்த இடம் மாமியாரின் குசினி. நண்டு உடைத்தபடி லூர்த்தம்மா சொன்னதெல்லாம் நூலில் 'ஒரு தகவலாளி' சொன்னவை.

அறிவித்தலில் பேராசிரியர், முன்னாள் துறைத்தலைவர், ஆய்விதழ் ஆசிரியர், இரண்டு சங்கங்களின் காப்பாளர் எல்லாரும் வந்து முடிந்த பிறகு, 'அவர்களின் மாமியாருமாவார்' என்று வந்தது. அனுப்பிவிட்டு, பல்கலைக்கழகப் பீடாதிபதியை வரவேற்க வாசல் படலைக்குப் போனார்.

மேசையில் விட்டுப்போன அவருடைய போன் அடித்தது. லவீனா எடுத்தாள். பேப்பர்க் கந்தோரிலிருந்து செந்தூரன் என்ற பெடியன்.

"அக்கா, பிறப்பிடம் விடுபட்டுப்போச்சு. அதில்லாமல் நாங்கள் போடுறேல்லை. எந்த ஊர்?"

"குருநகர்."

"சேரின்ரை பட்டங்கள் கொஞ்சம் கூடிப்போச்சு. எதை வெட்ட?"

லவீனா பெட்டியைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் வெட்டுங்கோ தம்பி. மருமகன் ஜெபநேசன் எண்டு மட்டும் போடுங்கோ."

காலையில் ஜெபநேசன் நின்றபடியே பேப்பரை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"எந்த ஜெபநேசன் எண்டு ஆருக்குத் தெரியும்? ஒருத்தரும் வரமாட்டினம்."

"அம்மாவைத் தெரிஞ்ச ஆக்கள் வருவினம்," என்றாள் லவீனா.

படலையில் ஒரு வான் வந்து நின்றது. குருநகர்ப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முன்னால் வந்தவள் ஜெபநேசனைக் கண்டதும் பின்னால் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்:

"உவர்தானடி எங்கடை லூர்த்தம்மாவின்ரை மருமோன்."