ஒரே வரியில் நாற்பத்தாறு பேர்

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் மைக்கில் பேர் சொல்லித் துண்டு போட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டு இன்னும் பீரோவில் கிடக்கிறது. அதை எடுத்து முகம் துடைக்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தல்லாகுளத்தில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். கல்யாணம், காதுகுத்து, பால்காய்ப்பு, எந்த விசேஷமானாலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு அவரவர் பேர் போட்டு மெயிலில் பத்திரிகை அனுப்புவது எங்கள் வேலை. விவரத்தைக் கொடுத்தால் பத்திரிகையைத் தானாகத் தயாரித்து அனுப்பும் புரோகிராமை எழுதியவன் நான், அருண்பாண்டி. அதில் எனக்கு மண்டைக்கனமும் உண்டு. விவரங்களை டைப் பண்ணிக் கொடுப்பது சுபலட்சுமி, செல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை.

தன் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை அனுப்ப எழுமலையிலிருந்து ஜெயக்கொடி அக்கா வந்தார். நாலாய் மடித்த ஒரு தாளை நீட்டினார். அழைப்பவர்கள் என்று அதில் நாற்பத்தாறு பேர் இருந்தது.

"தம்பி, ஒருத்தர் பேருக்குக் கீழ இன்னொருத்தர் பேரு வந்துறக் கூடாது. அம்புட்டுப் பேரையும் அ-னா ஆ-வன்னா வரிசையில, ஒரே வரியா ஓட்டி விட்டுருங்க."

காரணம் இருந்தது. போன வருஷம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவருடைய கூடப்பிறந்த தம்பி மலைச்சாமியின் பேர், சித்தப்பா மகன் பேருக்குக் கீழே வந்துவிட்டது. முறுக்கிக்கொண்டு குவைத்துக்குப் போன மனுஷன், அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்!

"அவன் மடி இல்லாம என் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன் தம்பி. இந்தப் பத்திரிகையப் பாத்துத்தான் அவன் மனசு இறங்கணும்" என்றார்.

ஒரே வரிதானே, இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். எங்கள் வீட்டு ஆட்கள் அஞ்சு பேரைப் போட்டு எனக்கே ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தேன். அம்சமாக வந்தது. சுபலட்சுமி நாற்பத்தாறு பேரையும் அடித்துக் கொடுத்தாள். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் ஜெயக்கொடி அக்கா ஆபீஸ் வாசலில் நின்று அழுதார். குவைத்திலிருந்து மலைச்சாமி அனுப்பிய படம் அவர் போனில் இருந்தது. எல்லார் பேரும் சுத்தமாக இருந்தது. மலைச்சாமி பேரில் மட்டும் 'மலைச்ச' என்பதற்குப் பிறகு கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி, அடுத்து ஓர் ஆச்சரியக்குறி, மறுபடி அதே மாதிரி ஒரு கேள்விக்குறி, கடைசியில் 'மி'. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "எல்லாரு பேரும் நல்லாருக்கு. என் பேர மட்டும் வெட்டி விட்டிருக்க. நல்லாருக்கா. நான் வரல."

முதலாளி கருத்தக்கண்ணன் அண்ணன் என்னைப் பார்த்தார். ஆபீசே என்னைப் பார்த்தது. கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் சொன்னேன். "டைப் பண்ணதுல கோளாறுண்ணே."

"இல்லண்ணே, தாள்ல இருந்தத அப்படியேதான் அடிச்சேன். ரெண்டு தடவை சரி பாத்தேன்" என்றாள் சுபலட்சுமி.

"அப்ப வானத்துலருந்து விழுந்துச்சா?" என்று கத்தினேன். என் புரோகிராமைக் குறை சொல்ல இவள் யார் என்கிற திமிர்தான்.

முதலாளி அவளையே குவைத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். மாடிப்படி ஓரம் நின்று பேசினாள். "அண்ணே, தப்பு என்னோடது. உங்கக்கா உங்க பேரை ஆசையாத்தான் எழுதிக் குடுத்தாக. அவுக மேல கோவப்படாதீங்க." பேசும்போதே அழுதுவிட்டாள். உள்ளே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில்தான் நான் அனுப்பிய மெயிலின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு வரியில் ஏறக்குறைய ஆயிரம் இடத்துக்கு மேல் போனால், வழியில் இருக்கும் மெயில் சர்வர் அந்த வரியை அங்கேயே வெட்டும். வெட்டிய இடத்தில் ஓர் ஆச்சரியக்குறியைச் செருகும். தமிழில் ஒரு எழுத்தே மூன்று இடம், ஆறு இடம் பிடிக்கும். நானோ நாற்பத்தாறு பேரையும் உள்ளேயும் ஒரே வரியாக விட்டிருந்தேன். வெளியே பார்க்க ஒரே ஓட்டமாக இருந்தால் போதும், உள்ளே எங்கே வேண்டுமானாலும் மடித்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை. ஆயிரமாவது இடம் மலைச்சாமி பேருக்கு நடுவில் வந்து, ஒரு எழுத்தையே இரண்டாகப் பிளந்திருந்தது. அஞ்சு பேரை வைத்துப் பார்த்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

சரி பண்ண ஒரு சின்ன மாற்றம் போதும். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்திரிகையைத் திரும்ப அனுப்பினேன், எல்லாப் பேரும் முழுசாகப் போனது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "இனிமே யாரு தப்பா அடிச்சாலும் புரோகிராமே சரி பண்ணிக்கிரும்ணே" என்றேன். சீ, என்ன பிறவி நான்! "மாப்ள, நீ கெட்டிக்காரன்டா" என்று முதலாளி தோளில் தட்டினார். சுபலட்சுமி அடிப்பதை எல்லாம் இனி நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

நாற்பது நாள், சாயங்காலமானால் அவள் தாள்களைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு நிற்பாள். ஒரு புள்ளிகூடத் தப்பாக இருக்காது. தலை நிமிராமல் கையெழுத்துப் போடுவேன்.

எழுமலையில் விசேஷத்துக்கு எங்கள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். முதலாளிக்கு அன்றைக்கு வேறொரு கல்யாணம், அவர் வரவில்லை. மலைச்சாமி வந்திருந்தார். அவர் மடியில் பிள்ளை வீரிட்டு அழ, பக்கத்தில் ஜெயக்கொடி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். அது முடிந்ததும் மைக்கில் சொன்னார்கள்: "மெயிலைச் சரி பண்ணி மாமனை வரவழைத்த தம்பி அருண்பாண்டிக்கு, தாய்மாமன் மலைச்சாமி துண்டு அணிவிக்கிறார்."

துண்டைப் போட்டுவிட்டு மலைச்சாமி என் காதோரம் குனிந்தார். "தம்பி, அந்தப் பிள்ளை போன்ல அழுதுச்சு பாருங்க, அதுக்காகத்தான் கெளம்பி வந்தேன். அத ஒண்ணும் வைஞ்சிராதீக."

மைக்கைப் பிடுங்கினேன். "அந்தப் பிள்ளை தப்புப் பண்ணலைங்க. தப்பு என்னோடது. தெரிஞ்சும் மறைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். "எவன்யா இப்படி ஒத்துக்கிருவான்? நல்ல பய!" என்று ஒரு பெரியவர் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

பந்தியில் சுபலட்சுமி கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் நின்றேன்.

"மன்னிச்சிரும்மா."

"இங்க என்னைய யாருக்குண்ணே தெரியும்?" என்றாள் நிமிராமல். "இவுக என்னைய நல்லவள்னு நெனச்சா என்ன, கெட்டவள்னு நெனச்சா என்ன? நாப்பது நாளா நான் தாளத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன எடம் ஆபீசு."

"திங்கக்கிழமை முதலாளிகிட்ட கண்டிப்பா சொல்லிடுறேன்."

"போன் கையிலதான இருக்கு?"

அப்படிக் கேட்ட பிறகு என்ன செய்வது? முதலாளிக்குப் போட்டேன். ரிங் போனது. "சொல்லு மாப்ள" என்றார் அவர்.

"ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே" என்றாள் சுபலட்சுமி, சோற்றைப் பிசைந்துகொண்டே.

போட்டேன்.