சிதிகிக்குச் சொன்ன விலை

"மூணு மூட்டை வெங்காயம். அதுல ஒண்ணு குறைஞ்சாலும் வழிவிடமாட்டேன்," என்றான் அதெமே, வாசலில் மல்லாந்து படுத்தபடி. "இந்த மீன் நாத்தம் பிடிச்ச அடிமையை வாங்கிப் போட்டவன் நான். எஜமானைக் கேக்காம எப்படிப் புதைப்பீங்க?"

பாயில் சுற்றிய சிதிகியின் உடலைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆண்கள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். ஆற்றங்கரை ஊரான ஜென்னேயில் போஸோ மீனவர்களுக்கும் டோகோன் மலைக்காரர்களுக்கும் தலைமுறைகளாகக் கேலி உறவு. ஒரு போஸோ செத்தால், டோகோன் ஒருவன் வந்து பிணத்தை மறித்துக் கேலி பேசவேண்டும். அவன் செத்தால் இவன். கேலிக்கு ஆள் வராத சாவு அநாதைச் சாவு. அதனால்தான் சிதிகியின் மகள் யாகாரே விடிந்ததிலிருந்து அதெமே வருகிறானா என்று ஆற்றுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடியில் தங்கியிருந்த பெல்ஜியக்காரி லீவெ இறங்கி வந்தாள். மண் மசூதி பார்க்க வந்தவள். படகிலும் சந்துகளிலும் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தது சிதிகிதான். கடன்காரன் பிணத்தை மறிக்கிறான் என்று நினைத்துவிட்டாள் போல. கண் கலங்க, ஐம்பதாயிரம் பிராங்கை அதெமேயின் கையில் திணித்தாள்.

முற்றம் அடங்கிப்போனது. வீட்டார் ஒரு சில்லறைக் காசு கொடுப்பதும், அவன் முனகிக்கொண்டே வழிவிடுவதும்தான் முறை. அந்நியப் பெண்ணிடம் கத்தையாக வாங்கினால், நிஜமாகவே பிணத்தை விற்றவன் ஆகிவிடுவான். அதெமே எழுந்து உட்கார்ந்தான். சந்தையில் எவனுக்கும் மடங்காத வாய், அன்று திறக்கவில்லை. இனி அவன் எழுந்து போய்விட்டால் யாகாரேவின் அப்பாவுக்குக் கேலியில்லாத ஊமைச் சாவுதான்.

யாகாரே அவன் எதிரே வந்து நின்றாள்.

"சித்தப்பா, நோட்டை எண்ணிப் பாத்துக்கங்க. அந்தம்மா வாங்கினது எங்கப்பாவை இல்ல, உங்களை. பாவம், ஏமாந்துட்டா. எந்திரிங்க, தூக்குங்க."

"ஐம்பதாயிரத்துக்கா?" அதெமே துள்ளி எழுந்தான். "எங்கம்மா கேட்டா, இவ்ளோ மலிவாவான்னு வயித்துல அடிச்சுக்குவா!"

பணத்தை லீவெயின் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு, முன்பக்கம் தோள் கொடுத்தான். சிரிக்கிறவர்களையும் அழுகிறவர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள் லீவெ. சிலர் இரண்டையும் செய்துகொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து, கைகால் கழுவிக்கொண்டு வந்த அதெமே, யாகாரேவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"குழியில இறக்குற வரைக்கும் திட்டிட்டேதான் இருந்தேன். பதினோரு வசவு. ஒண்ணுக்கும் பதில் சொல்லல உங்கப்பன்."

யாகாரே மீன் சோற்றை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"தின்னு, மலைக்குரங்கே."

அதெமே குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

"ஒண்ணு ஆச்சு. இன்னும் பத்து பாக்கி."