தவசிமுத்துவின் இடது கால்

வண்டி எடுக்க வந்தவர்கள் பத்து மணி பதினான்கு நிமிடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். யுவராணியின் கையில் இருந்த தாளில் முப்பத்தாறு கட்டங்கள். கட்டத்துக்கு ஒன்றேகால் நிமிடம் என்று முந்தின நாள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்திருந்தாள். மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம் வேண்டும். இருந்தது பதினாறு.

ராஜபாளையத்தில் தென்காசி சாலையில் இருந்த அந்தக் கார் ஷோரூமில், புது வண்டியை வாங்குகிறவர்களுக்கு அதை விளக்கிச் சொல்வது அவள் வேலை. விளக்கு எங்கே எரியும், இருக்கையை எப்படி உயர்த்துவது, சீட் பெல்ட் எங்கே மாட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தந்தக் கட்டத்துக்கு நேரே கையெழுத்து வாங்க வேண்டும். சேர்ந்து மூன்று மாதம் மறுநாளோடு முடிகிறது. கடைசியாக விளக்கிய இரண்டு வண்டிகளுக்கும் புகார் வந்திருந்தது. ஒருவர் வைப்பரை நிறுத்தத் தெரியாமல், சொட்டு மழை இல்லாத சாலையில் கூமாப்பட்டி வரைக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போயிருக்கிறார். இன்னொருவர் பெட்ரோல் மூடியைத் திறக்கத் தெரியாமல் பங்கில் நின்றபடி மேலாளர் பிரேம்குமாருக்குப் போன் போட்டிருக்கிறார்.

"யுவராணி, நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல," என்று காலையில் பிரேம்குமார் ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்தால் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "நாலு மணிக்கு ஹெட் ஆபீஸ்லருந்து கஸ்டமருக்குப் போன் போகும். எல்லாத்தையும் வெளக்குனாங்களான்னு கேப்பாங்க. ஆமான்னா நீ பெர்மனெண்ட். இல்லன்னா திங்கக்கெழமை நீ பஸ் ஏற வேண்டாம்."

யுவராணி வண்டியோடு வரும் கையேட்டை நானூற்றுப் பன்னிரண்டு பக்கமும் படித்திருந்தாள். ஓட்டத்தான் தெரியாது. இதை ஷோரூமில் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் வீட்டுப் பக்கம் பொன்னுராஜ் மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் இருந்தது. மாலை ஆறு மணி வகுப்புக்குப் பதினான்கு நாளாகப் போகிறாள். வீடு திரும்பியதும் நோட்டில் அன்றைய நாளை மூன்று தலைப்பில் எழுதுவாள்: தெரிந்தது, தெரியாதது, தெரிந்ததுபோல் நடித்தது. மூன்றாவதற்குத்தான் இடம் போதாது. பதினான்கு நாளில் 'தெரிந்தது' என்ற தலைப்பின் கீழ் உறுதியாக எழுத முடிந்தது ஒன்றே ஒன்று: கிளட்ச். அவள் கால் பட்டதும் அது தானாகவே உள்ளே போய்விடும்.

வண்டி வாங்கியவர் தவசிமுத்து, தேவதானத்துக்காரர். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். அத்தனை வருடக் கிளட்ச்சில் இடது முழங்கால் தேய்ந்து, டாக்டர் சொன்னதன்பேரில் கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் எடுத்திருந்தார். கூட மனைவி குருவம்மாள். அவளுடைய தம்பி ஐயாதுரை மாலை வாங்கப் போய்த் தாமதமாக்கியவன். கையில் பூஜைத் தட்டோடு நின்றான்.

"தாயி, பத்து இருவத்தெட்டுக்கு வண்டி கேட்டத் தாண்டிறணும். அதுக்குள்ள எம்புட்டு சொல்ல முடியுமோ சொல்லு," என்றார் தவசிமுத்து.

யுவராணி சொன்னாள். பந்தயத்தில் ஓடுகிறவள்போல மூச்சு வாங்கச் சொன்னாள். முப்பத்தோராவது கட்டத்தில் 'இடது கால் வைக்கும் மேடை' என்றிருந்தது. பட்டாளத்தில் லாரி ஓட்டியவரிடம் காலை எங்கே வைப்பது என்று சொல்வதா என்று கூச்சமாக இருந்தது. தாண்டிவிட்டாள். தவசிமுத்து முப்பத்தாறு கட்டத்திலும் கடகடவென்று கையெழுத்துப் போட்டார்.

"நீயும் ஏறு. மிச்சத்த வழியில சொல்லு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பூஜைய முடிச்சிட்டு பஸ் ஏத்தி விடுதேன்."

பிரேம்குமார் கண்ணாலேயே 'ஏறு' என்றார். பத்து இருபத்தேழுக்கு வண்டி கேட்டைத் தாண்டியது.

பின் இருக்கையில் குருவம்மாளும் யுவராணியும் உட்கார்ந்தார்கள். இருக்கையில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது என்று குருவம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டாள். "ஆறு மாசமாவது புதுசா இருக்கட்டும்." பெல்ட் போட்டால் பட்டுச்சேலை கசங்கும் என்று அதுவும் வேண்டாமென்றாள். யுவராணி மட்டும் தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். முன்னால் ஐயாதுரை பூஜைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லிக் கத்திய வண்டியைப் பார்த்துச் சிரித்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொக்கியை எடுத்துப் பெல்ட் மாட்டும் துளையில் சொருகினான். சத்தம் நின்றது.

"இதச் சொருகிட்டா பெல்ட் போட்டாச்சுன்னு வண்டி நம்பிரும். கையேட்டுல இது இருக்கா?"

வண்டி நம்பும், முன் கண்ணாடி நம்பாது என்று சொல்ல யுவராணி வாயெடுத்தாள். கையேட்டில் அப்படி ஒரு வாக்கியம் இல்லாததால் சொல்லவில்லை.

பழைய பேருந்து நிலையம் தாண்டியதும் முன்னால் ஒரு பஸ் நின்றது. தவசிமுத்து வேகம் குறைத்தார். உடனே அவருடைய இடது கால் எழும்பி, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கிளட்ச்சை ஓங்கி மிதித்தது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் இருந்தது. வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. தட்டு பறந்தது. குருவம்மாள் பிளாஸ்டிக்கில் வழுக்கி, மரியாதையாக உட்கார்ந்த நிலை மாறாமல் தரைக்குப் போனாள்.

"பிரேக் நல்லாருக்கு அத்தான்," என்றான் ஐயாதுரை, கண்ணிலிருந்து குங்குமத்தை வழித்துக்கொண்டே. அவன் வெள்ளைச் சட்டையில் பாதி சிவப்பாகிவிட்டது.

ஊர் எல்லையில் ஓர் ஆட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. மறுபடியும் இடது கால். இந்தத் தடவை தேங்காய் கண்ணாடி வரை போய்த் திரும்பி வந்தது. ஐயாதுரை கொக்கியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பெல்ட்டை இழுத்து மாட்டினான். குருவம்மாள் தரையிலிருந்தே கேட்டாள்: "ஏட்டி, எனக்குள்ள வாரு எங்கிட்டு இருக்கு?"

யுவராணி அவளைத் தூக்கி உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டிவிட்டாள். என்ன நடக்கிறது என்று அந்தக் காரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். முப்பத்தோராவது கட்டம். கையெழுத்திட்ட தாள் பைக்குள் பத்திரமாக இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் நாலு மணிக்கு அவர் 'ஆமா' என்று சொல்லிவிடுவார். திறந்தால் 'ஒண்ணு சொல்லல' என்பார். திரும்பிப் பார்த்தாள். ஒரு பஞ்சு லாரி ஒட்டினாற்போல வந்துகொண்டிருந்தது.

"சார், செத்த ஓரமா நிறுத்துங்க."

லாரியை விலகிப் போகவிட்டு, ஓரம் கட்டி நிறுத்தினார். அதுவும் இடது காலால்.

"முப்பத்தொண்ணாவது கட்டத்த நான் சொல்லல சார். சொல்லாமலே கையெழுத்து வாங்கிட்டேன். இடது கால் வைக்கதுக்குன்னு அந்த ஓரத்துல ஒரு மேடை இருக்கு. அங்க வச்சா எடுக்கவே கூடாது. இதுல ஓட்டுறதெல்லாம் வலது கால்தான்."

தவசிமுத்து குனிந்து பார்த்தார். "நீ ஓட்டும்போது அதுலதான் வைப்பியா?"

அவள் மூன்று மாதமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "நான் ஓட்ட மாட்டேன் சார். சாயங்காலம் கிளாஸுக்குப் போறேன். எல்.எல்.ஆர். மட்டும்தான் வச்சிருக்கேன்."

"அப்போ ஓட்டத் தெரியாத புள்ளகிட்டயா இம்புட்டு நேரம் பாடம் கேட்டோம்?" என்றான் ஐயாதுரை.

"ஏலே, சும்மா இரு," என்றாள் குருவம்மாள். "ஓட்டத் தெரிஞ்ச அவியதான என்னய தரையில எறக்கி விட்டாவ?"

தவசிமுத்து இடது காலை மேடையில் வைத்து வண்டியை எடுத்தார். இருநூறு அடி போவதற்குள் ஒரு வேகத்தடை. கால் மெல்ல எழும்பத் தொடங்கியது.

"கேக்க மாட்டேங்கு தாயி," என்றார் பரிதாபமாக. "நான் சொல்லி அது கேட்டதில்ல. மேலதிகாரி சொன்னாத்தான் கேக்கும்."

அவர் அதை விளையாட்டாகச் சொன்னாரா என்று யுவராணி யோசிக்கவில்லை. கல்லூரியில் இரண்டு வருடம் என்.சி.சி.யில் வெயிலில் நின்றவள். அங்கேயும் பட்டாளத்திலும் அணிவகுப்பில் ஒரே இந்திக் கட்டளை உண்டு. அதைக் கேட்டதும் இடது கால் மட்டும் இடப்பக்கம் போய் வைத்து, அங்கேயே ஓய்வாக நிற்க வேண்டும். மைதானத்தில் கேட்ட அதே குரலில், காருக்குள், அவள் கத்தினாள்:

"விஷ்ராம்!"

தவசிமுத்துவின் இடது கால் துள்ளி இடப்பக்கம் போய் மேடையில் உட்கார்ந்தது. வலது கால் பிரேக்கை மெல்லத் தொட்டது. வண்டி வேகத்தடை மேல் பூப்போல ஏறி இறங்கியது.

"இன்னொருக்க சொல்லு," என்றாள் குருவம்மாள். சொல்லிக் கொடுத்ததும் அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது தடவை கட்டளையிட்டாள். ஒன்பது தடவையும் கால் பணிந்தது. "முப்பது வருசத்துல மொத தடவையா நான் சொல்லி அவிய கேக்காவ," என்று யுவராணியின் காதில் சொன்னாள்.

ஆண்டாள் கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தும்போது மணி பதினொன்று ஐந்து. ராகுகாலம் முடிந்து பன்னிரண்டுக்கு மேல்தான் பூஜை. தவசிமுத்து கையை நீட்டினார்.

"அந்தத் தாளைக் குடு."

யுவராணி கொடுத்தாள். முப்பத்தாறு கையெழுத்தையும் அவர் ஒரே கோட்டில் அடித்தார். அவளுக்குத் திங்கட்கிழமையே கண்முன் அடிபட்டதுபோல இருந்தது.

"ராகுகாலத்துக்குப் பயந்து போட்டது. செல்லாது. ஒரு மணி நேரம் கெடக்கு, மொதல்லருந்து சொல்லு."

"ராகுகாலத்துல கையெழுத்துப் போடலாமா?" என்றான் ஐயாதுரை.

"பாடத்தக் கேக்க என்ன காலம்? கேட்டுக்கிட்டு, கையெழுத்தப் பன்னண்டுக்குப் பொறவு போடட்டும்," என்று தீர்ப்புச் சொன்னாள் குருவம்மாள்.

யுவராணி முதலிலிருந்து சொன்னாள். இருக்கையை உயர்த்தி, முன்னே தள்ளி, கண்ணாடிகளைத் திருப்பி, ஒவ்வொன்றையும் தவசிமுத்து தன் கையால் இரண்டு தடவை செய்து பார்த்தார். தலைக்குப் பின்னாலிருந்த ஹெட்ரெஸ்ட் சாய்ந்து தூங்குவதற்கு என்று ஐயாதுரை நினைத்திருந்தான். பின்னால் யாராவது இடித்தால் கழுத்து ஒடியாமல் இருக்க அது என்று கேட்டதும், தன் காதுக்குச் சமமாக அதை உயர்த்தி வைத்துக்கொண்டான். குருவம்மாள் இறங்கி நின்று பிளாஸ்டிக் உறையைத் தானே கிழித்தாள். பதினேழாவது கட்டத்தில் தடங்கல் வந்தது.

"ஏர்பேக். இடிச்சா இதுக்குள்ளருந்து பை விரியும் சார்," என்று யுவராணி ஸ்டீரிங்கைத் தொட்டுக் காட்டினாள்.

"விரிச்சுக் காட்டு."

"காட்ட முடியாது சார்."

"கண்ணால பாக்காததுக்குப் பட்டாளத்துல நான் கையெழுத்துப் போட்டதில்ல."

பன்னிரண்டு ஐந்துக்குப் பட்டர் வந்தார். மாலை போட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் ஐயாதுரை எலுமிச்சம்பழம் வைத்தான். பட்டர் கற்பூரத் தட்டோடு வண்டிக்கு நேர் முன்னால் நின்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி," என்று ஐயாதுரை இரண்டு தடவை சொல்லியும் அவருக்குக் காரணம் விளங்கவில்லை. பின் இருக்கையில் குருவம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து கட்டளையிட்டாள். பட்டர் திடுக்கிட்டு விலகினார். தவசிமுத்துவின் வலது கால் பிரேக்கிலிருந்து லேசாக எழும்ப, வண்டி தானாக நகர்ந்து நான்கு பழத்தையும் நசுக்கி, ஒரு முழம் தள்ளி அமைதியாக நின்றது.

பிறகு தவசிமுத்து பானெட்டின்மேல் தாளை வைத்து, ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போட்டார். யுவராணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் தாளைப் பார்த்தாள். முப்பத்தைந்தில் கையெழுத்து. பதினேழில் மட்டும் இப்படி எழுதியிருந்தார்: 'நேரில் பார்க்கவில்லை. பார்க்காமலே இருக்க வேண்டுகிறேன்.'

பிரேம்குமார் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். நாலே காலுக்கு அவர் மேசைப் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"ஹெட் ஆபீஸ் பொண்ணு சிரிச்ச சிரிப்புல பாதி புரியல. போன் எடுத்ததும் அவர் வீட்டம்மா, 'வண்டி ஓட்டையில பேசக் கூடாதுன்னு ஷோரூம் புள்ள சொல்லியிருக்கு, செத்த நேரம் இரு, ஓரம் கட்டட்டும்'னாங்களாம். பொறவு 'விஷ்ராம்'னு ஒரு சத்தமாம். எல்லாம் வெளக்குனாங்களான்னு கேட்டதுக்கு அவரு, முப்பத்தஞ்சு வெளக்குனாங்க, ஒண்ணு தப்பா விட்டுட்டு அவங்களே ஒத்துக்கிட்டு வெளக்குனாங்க, அந்த ஏர்பேக்க மட்டும் யாரும் எனக்குக் காட்ட வேண்டாம்னாராம்."

"அப்போ சார்?"

"திங்கக்கெழமை பஸ் ஏறு."

மாலை ஆறு மணிக்கு யுவராணி பொன்னுராஜ் மாஸ்டரின் பழைய காரில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் மாஸ்டர். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பதினான்கு நாளாகப் பக்கத்தில் இருந்தும் அவள் இன்றுதான் அதை உற்றுப் பார்த்தாள். தன் காலைக் கிளட்ச்சின்மேல் வெறுமனே வைத்தாள், அழுத்தவில்லை. அது தானாக உள்ளே போயிற்று. மாஸ்டரின் இடது கால் அவர் பக்கத்துக் கிளட்ச்சை ஆனந்தமாக மிதித்துக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், விஷ்ராம்."

"என்னது?"

"உங்க இடது கால எடுத்துருங்க. இன்னைக்கு நான் மிதிக்கிறேன்."

"வண்டி நின்னுரும்மா."

"நிக்கட்டும்."

நின்றது. மொத்தம் ஏழு தடவை நின்றது. கடைசியாகப் பால்கோவாக் கடை வாசலில் நின்றபோது, பின்னால் வந்த மினி பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எட்டாவது தடவை உறுமி, நடுங்கி, பத்தடி போயிற்று.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். தெரிந்தது என்பதன் கீழே பழைய பக்கத்தில் இருந்த கிளட்ச்சை அடித்துவிட்டு, தெரியாதது என்பதன் கீழே அதை எழுதினாள். மூன்றாவது தலைப்பில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஏழாவது தடவை வண்டி நின்றபோது பால்கோவா வாங்கத்தான் நிறுத்தினேன் என்பதுபோல இறங்கிப் போய்க் கால் கிலோ வாங்கி வந்ததை எழுதினாள்.